உலக வங்கிப் பணம் ஊருக்கு வரும் வழி: வாசகர் கேள்வி பதில்

கடன், மானியம், வெளிநாட்டு நிதி பற்றி ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்த இடங்களில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

*

“அது உலக வங்கிப் பணம், கட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகாது” என்று எங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?
(வாசகி, தொண்டி)

இல்லை. அவர் மூன்று கடன்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

முதல் கடன் இந்திய அரசுக்கும் உலக வங்கிக்கும் இடையில் உள்ளது. கடன் ஒப்பந்தத்தில் மத்திய அரசு கையெழுத்திடும், திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடும். அந்தக் கடனை அரசு கஜானா அடைக்கும். உங்கள் பெயர் அதில் எங்கும் வராது.

இரண்டாவது, அந்தப் பணத்திலிருந்து ஊருக்கு வந்த நிதி. 2005-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய புதுவாழ்வு திட்டம் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்துக்கும் ஊராட்சிக் கூட்டமைப்புக்கும் பணம் கொடுத்தது இந்த வகை. ஊருக்கு வரும்போது அது மானியம். கூட்டமைப்பு அதைக் குழுக்களுக்குக் கடனாகக் கொடுத்த நிமிடத்திலிருந்து அது உங்கள் ஊரின் சுழல்நிதி. அதைக் கட்டாவிட்டால் வாஷிங்டனில் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த தெருப் பெண்ணுக்கு வலை வாங்கப் பணம் இருக்காது, அவ்வளவுதான். பல ஊர்களில் சுழல்நிதி சுழலாமல் நின்றதற்குக் காரணமே “இது இனாம் பணம்” என்ற பேச்சுதான்.

மூன்றாவது, வங்கி உங்கள் குழுவுக்கு நேரடியாகத் தரும் வங்கி இணைப்புக் கடன். அது உங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களின் பணம். உலக வங்கிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தவணை தவறினால் அந்தத் தகவல் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும். பிறகு நகைக்கடனைத் தவிர வேறு கதவு திறப்பது கஷ்டம்.

ஆகவே தீர்மான நோட்டை எடுத்து, கடன் கொடுத்தவர் பெயர் எழுதிய வரியைப் பாருங்கள். கூட்டமைப்பா, வங்கியா என்று அதில் இருக்கும். அந்த வரி காலியாக இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

*

டாலர் கடனுக்கு வட்டி குறைவு என்று வகுப்பில் படித்தோம். அப்படியானால் மாநிலங்கள் எவ்வளவு வாங்கினாலும் லாபம்தானே?
(கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

வட்டியை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். கணக்கில் இன்னும் மூன்று வரிகள் உண்டு.

முதலில் கடனின் வகை. உலக வங்கிக்குள் இரண்டு கதவுகள். 1960-இல் தொடங்கிய ஐடிஏ ஏழை நாடுகளுக்குப் பெயரளவு கட்டணத்தில் நீண்டகாலக் கடன் தரும். இந்தியா அதில் மிகப் பெரிய பங்கு வாங்கிய நாடு. 2014-இல் அதற்கான வருமான வரம்பைத் தாண்டிவிட்டோம், 2017 வரை இடைக்கால உதவி கிடைத்தது. இப்போது நமக்குத் திறந்திருப்பது ஐபிஆர்டி என்ற கதவு. அங்கே வட்டி சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

அடுத்து ரூபாயின் மதிப்பு. 2005 ஏப்ரலுக்கு முன் வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு தன் நிபந்தனையில் ரூபாயாக மாற்றி மாநிலங்களுக்குத் தந்தது. பன்னிரண்டாவது நிதி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு, வாங்கிய அதே நிபந்தனையில் அப்படியே மாநிலத்தின் தலைக்குப் போகிறது. டாலர் ஏறினால் பாரம் மாநிலத்துக்கு. 2005 வாக்கில் டாலர் சுமார் 44 ரூபாய், 2024 கடைசியில் சுமார் 85. அன்று 10 லட்சம் டாலர் வாங்கியபோது கையில் வந்தது 4.4 கோடி ரூபாய். அதே 10 லட்சத்தை 85 ரூபாய் விலையில் திருப்பினால் 8.5 கோடி.

இதைப் பார்த்து உடனே பயப்படவும் வேண்டாம். இருபது ஆண்டில் இந்த ஏற்றம் ஆண்டுக்குச் சராசரியாக 3.3 சதவீதம். டாலர் வட்டி 2 சதவீதமாக இருந்தால் உண்மையான செலவு சுமார் 5.3 சதவீதம். மாநிலம் உள்நாட்டுச் சந்தையில் 7, 8 சதவீதத்துக்கு வாங்குவதைவிட அது மலிவு. 2023-இல் நடந்ததுபோல் அமெரிக்க வட்டியே 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சலுகை கரைந்துவிடும். ஆகவே எந்த ஆண்டு, எந்த வட்டி என்று பார்க்காமல் லாபம், நட்டம் என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

மூன்றாவது வரிதான் எங்களுக்கு அதிக வருத்தம் தருவது: தாமதத்தின் விலை. ஐபிஆர்டி கடனுக்குத் தொடக்கத்தில் 0.25 சதவீதம் முன்கட்டணம். அதன் பிறகு, சலுகைக் காலம் இருந்தால் அது முடிந்ததும், எடுக்காமல் விட்ட தொகைக்கு ஆண்டுக்கு 0.25 சதவீதம் ஒதுக்கீட்டுக் கட்டணம். 10 கோடி டாலர் கடனில் 6 கோடி டாலர் ஒரு வருடம் எடுக்கப்படாமல் கிடந்தால் 1.5 லட்சம் டாலர் சும்மா போகிறது. 85 ரூபாய் கணக்கில் அது 1.275 கோடி. கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை ஒன்றுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு 1,500 ரூபாய். 8,500 மிதவைகளின் பணம் எந்தக் கடலிலும் இறங்காமலே கரைந்துபோகிறது.

ஏன் எடுக்க முடியாமல் போகிறது? பெரும்பாலும் நிலம் கைக்கு வராதது, ஒப்பந்தப்புள்ளி திரும்பத் திரும்ப ரத்தாவது, திட்ட அலுவலகத்தில் பணியிடம் காலியாக இருப்பது. பல திட்டங்களில் மாநிலம் முதலில் செலவழித்து, பிறகு மத்திய நிதி அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவிக் கணக்குப் பிரிவு வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். கொள்முதல் விதிப்படி ரசீது இல்லையென்றால் உலக வங்கி அதைத் தகுதியற்ற செலவு என்று தள்ளிவிடும். அந்தப் பாரமும் மாநிலத்துக்குத்தான்.

*

நம் கரையில் வெளிநாட்டு நிதியில் நடந்தவை எவை? பாம்பன் புதிய பாலமும் அப்படித்தானா?
(வாசகர், சாயல்குடி)

2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் ரயில் பாலம் ரயில்வேயின் சொந்தப் பணம்.

வெளி நிதியின் தடம் வேறு இடங்களில் இருக்கிறது. ரோமிலுள்ள ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியில் 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1992-93-இல் அன்றைய மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கு வந்தது. இன்றைய மகளிர் குழுக்களுக்கு அதுதான் நாற்றங்கால். 2003-இல் கையெழுத்தான உலக வங்கியின் சாலைத் திட்டத்தில் நாகப்பட்டினம் – தூத்துக்குடி கிழக்குக் கடற்கரைச் சாலையும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐஃபாட் மூன்றும் தமிழகக் கடலோரத்துக்கு நிதி தந்தன. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை நடத்திய பணிகளுக்கு உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் தந்தது கடனே இல்லை, முழு மானியம். தீவுகளையும் பவளப்பாறையையும் காக்கும் வேலையில் வட்டி கட்ட வருமானம் வராது என்பதால் அப்படி.

*

மகளிர் குழுவாகக் கடற்பாசி போட ஆசை. 60 சதவீதம் மானியம் என்கிறார்கள். ஆனால் போட்டவர்கள் பாதிப் பேர் கடனில் நிற்கிறார்கள். எங்கே தப்பு நடக்கிறது?
(வாசகி, மண்டபம்)

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் போடப்போவது ‘பெப்சி பாசி’ என்று நம் பக்கம் சொல்லும் கப்பாபைகஸ். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு, ஒரு கயிற்றில் 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் 60 கிலோ. 45 நாளில், கடல் ஒத்துழைத்தால், 260 கிலோ வரை எடுக்கலாம். 60 கிலோவை விதையாகத் திரும்பக் கட்டிவிட்டால் மீதி 200 கிலோ. அது காய்ந்தால் சுமார் 20 கிலோ. ஒருவருக்கு 45 மிதவை என்று வைப்பதன் சூட்சுமம் இதுதான்: நாளுக்கு ஒரு மிதவை இறக்கி, 46-ஆம் நாள் முதல் நாளுக்கு ஒன்று அறுக்கலாம்.

பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் மிதவை 1,500 ரூபாய், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். 45 மிதவைக்கு 67,500 ரூபாய். மானியம் 40,500, உங்கள் பங்கு 27,000. காகிதத்தில் இது அழகான கணக்கு.

முதல் ஓட்டை இங்கே. மானியம் பெரும்பாலும் பின்னேற்பு மானியம். மூங்கில் வாங்கி, கயிறு கட்டி, மிதவையை இறக்கி, அலுவலர் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் வரும். அதுவரை முழு 67,500-ஐயும் நீங்கள் புரட்ட வேண்டும். 27,000 மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கியவர்கள் மீதிக்கு வெளியில் வட்டிக்கு வாங்கினார்கள். மானியம் வர ஆறு மாதம் ஆனால், 100-க்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 40,500-க்கு 12,150 ரூபாய் போய்விடும். ஆகவே இடைக்காலத் தொகையையும் சேர்த்தே குழுக் கடன் கேளுங்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள மகளிர் குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, 10 லட்சம் வரை பிணையம் கேட்கக்கூடாது. ரொக்கக் கடன் வரம்பாக வாங்குங்கள். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி ஓடும், மானியம் வந்ததும் அதில் போட்டுக் குறைத்துவிடலாம்.

இரண்டாவது ஓட்டை விதை. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், மிதவை நிற்காது. கரையில் ஏற்றி வைத்தாலும் பாசி சாகும். வாடை முடிந்து மறுபடி தொடங்க 45 மிதவைக்கு 2,700 கிலோ விதை வேண்டும். திட்ட மதிப்பீட்டில் ஒருமுறை விதைக்குத்தான் இடம் இருக்கிறது. முதல் மூன்று அறுவடையிலிருந்தே விதைப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வாடைக்குத் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொண்டுபோய் வைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். இந்தப் பாசி வெளியிலிருந்து வந்தது, குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறையின் மேல் ஏறிப் படர்ந்திருக்கிறது. 2005 அரசாணைப்படி பாக் நீரிணையின் வடகரையிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும்தான் வளர்க்கலாம். இடத்தைத் தவறாகக் குறித்த விண்ணப்பம் மீன்வளத் துறையிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது வெயில். பங்குனி, சித்திரையில் காற்று நின்று தண்ணீர் சூடேறினால் பாசியின் நுனி வெளுக்கும், கையால் தொட்டால் ஒடியும். வெளுத்த முடிச்சை அன்றைக்கே அறுத்து எறிய வேண்டும், விட்டால் கயிறு முழுக்கப் பரவும். 2013-இல் இப்படித்தான் பெரும் அழிவு வந்தது. அதற்குப் பிறகும் வங்கிகள் மாதாமாதம் சமத் தவணை போடுவதை நிறுத்தவில்லை. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: முதல் 60 நாள் அசல் வேண்டாம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வட்டி மட்டும், மற்ற மாதங்களில் 45 நாளுக்கு ஒருமுறை கூடுதல் தவணை. பயிர்க் கடனுக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை வைப்பது வங்கிக்குப் புதிதில்லை. கடலுக்கும் அதைக் கேட்பது உங்கள் நியாயம்.

கடைசியாக ஒன்று. மணலில் போட்டுக் காயவைக்காதீர்கள். மணல் ஒட்டினால் வியாபாரி கழிவு பிடிப்பார். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலையில் காயவையுங்கள், மழை பட விடாதீர்கள். எடை போட்ட சீட்டைத் தேதியோடு வாங்கிக் கோப்பில் சேருங்கள். அடுத்த முறை பெரிய கடனுக்கு அந்தச் சீட்டுகள்தான் உங்கள் வருமானச் சான்று.

*

விசைப்படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் படகு வாங்கினால் 70 சதவீதம் மானியம் என்றார்கள். இவ்வளவு கொடுத்தும் ஏன் பலர் போகவில்லை?
(படகு உரிமையாளர், ராமேசுவரம்)

2017-இல் நீலப்புரட்சித் திட்டத்தில் வந்தது அது. உள்நாட்டுப் பணம்தான். படகின் மதிப்பு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, உங்கள் கை 8 லட்சம். மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு, அதன் அருகில்கூடப் போகவில்லை.

அந்த 80 லட்சத்தில் இரும்பும் எஞ்சினும் தூண்டிலும் இருந்தன, நடைமுறைச் செலவு இல்லை. ராமேசுவரத்தில் பழகிய தொழில் சனி, திங்கள், புதன் போய் மறுநாள் கரை சேர்வது. ஆழ்கடலில் சூரை மீனுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். டீசல், ஐஸ், இரை, ஆட்களின் வீட்டுக்கு முன்பணம் எல்லாம் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் போட வேண்டும். ஐஸ் குறைந்தால் சூரை தரம் இழக்கும், ஏற்றுமதி விலை உள்ளூர் விலையாகிவிடும். இழுவைமடி தெரிந்த ஆள் ஆயிரம் தூண்டிலைச் சிக்கில்லாமல் விட ஒரு பருவமாவது பழக வேண்டும். அந்தப் பருவத்தின் நட்டத்தை யார் தாங்குவது என்று திட்டத்தில் எழுதவில்லை. படகு பெரிது என்பதால் மூக்கையூர், குந்துகால் போன்ற ஆழமுள்ள துறையும் வேண்டும்.

இப்போது யோசிப்பவர்கள் மீனவர் கிசான் கடன் அட்டையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2 லட்சம் வரை 7 சதவீதம், நாள் தவறாமல் கட்டினால் 4 சதவீதம். ஒரு படகின் நடைமுறைச் செலவுக்கு அது போதாது. உரிமையாளரும் பங்காளிகளும் தனித்தனி அட்டை வைத்திருந்தால் முதல் பயணத்துக்குக் கை கொடுக்கும்.

*

கருவாடு பதப்படுத்தும் சிறு கூடம் வைத்திருக்கிறோம். உலக வங்கி உதவியில் ஏதாவது உண்டா?
(வாசகி, பாம்பன்)

உண்டு, நேரடியாக இல்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமரின் மத்ஸ்ய கிசான் சம்ரித்தி உபதிட்டம், 6,000 கோடி ரூபாய். பாதி பொதுப் பணம், அதில் உலக வங்கியும் பிரான்சு நாட்டின் வளர்ச்சி முகமையும் சேர்ந்திருக்கின்றன. மீதி தனியார் முதலீடாக வர வேண்டும். பெண்கள் நடத்தும் குறு நிறுவனத்துக்கு முதலீட்டில் 35 சதவீதம் அல்லது 45 லட்சம், எது குறைவோ அது செயல்திறன் மானியம். சொன்னதைச் செய்து காட்டிய பிறகு கிடைப்பது. முதல் படி, தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பதிவு. ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண்ணோடு பொதுச் சேவை மையத்தில் செய்யலாம். இன்றிலிருந்தே விற்பனைச் சீட்டும் வேலை செய்பவர்களின் கூலிப் பதிவும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிரூபிக்க அவைதான் வேண்டும்.

*

‘ஒரு நாளைக்கு 3 டாலர்’ என்பது வறுமைக்கோடாம். 250 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் ஏழை இல்லையா?
(ஆசிரியர், கீழக்கரை)

அப்படிப் பெருக்கக் கூடாது. 2025 ஜூனில் உலக வங்கி 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு மாற்றியது 2021-ஆம் ஆண்டின் வாங்கும் சக்தி விகிதத்தில், அதாவது ஒரே பொருளை ஒவ்வொரு நாட்டிலும் வாங்க எவ்வளவு ஆகும் என்று ஒப்பிடும் கணக்கில். சந்தை விகிதத்தைவிட அந்த விகிதத்தில் டாலருக்கு மிகக் குறைந்த ரூபாய்தான் வரும். தவிர, அது ஓர் ஆளுக்கு ஒரு நாள் செலவு. ஒருவர் கூலியில் ஐந்து பேர் சாப்பிட்டால் ஐந்தால் வகுக்க வேண்டும்.

*

உலக வங்கி உதவியோடு கடலோர மீட்புப் பணிகள் வருகின்றன. நாங்கள் மீன் காயவைக்கும் இடம் புறம்போக்கு. பட்டா இல்லாததால் பேச உரிமை இல்லை என்கிறார்கள்.
(வாசகர்கள் சிலர், ஏர்வாடி, மூக்கையூர்)

தமிழக அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த நெய்தல் மீட்சி இயக்கத்தைக் கேட்கிறீர்கள். உங்களுக்குப் பேச உரிமை இருக்கிறது. 2018 அக்டோபரிலிருந்து உலக வங்கியின் முதலீட்டுத் திட்டக் கடன்களுக்குப் பத்துச் சுற்றுச்சூழல், சமூகத் தரங்கள் பொருந்தும். அதில் ஐந்தாவது தரம் வீடு போவதை மட்டும் பார்ப்பதில்லை, பிழைப்பு போவதையும் பார்க்கிறது. பட்டா இல்லாதவருக்கு நிலத்துக்கான இழப்பீடு கிடையாது. கொட்டகை, காயவைக்கும் மேடை போன்றவற்றுக்கு இழப்பீடும், பிழைப்பை மீட்க உதவியும் உண்டு.

உரிமை கைநழுவுவது கணக்கெடுப்பு நாளில்தான். அந்த நாளுக்குப் பிறகு வந்தவர்களைச் சேர்க்க மாட்டார்கள். குடும்பத்தோடு வேறு கரைக்குத் தொழிலுக்குப் போயிருந்தபோது எடுத்தால் உங்கள் பெயர் விடுபடும். எனவே எந்த வாரம் கணக்கெடுப்பு என்று ஊராட்சியில் எழுதிக் கேளுங்கள், பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மேடையைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். நலவாரிய அட்டை, மீனவர் கூட்டுறவுச் சங்க எண், படகுப் பதிவு ஆகியவற்றின் நகலை வையுங்கள்.

பெயர் விடுபட்டால் முதலில் திட்ட அலுவலகத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் மனு, ரசீது எண்ணோடு. பதில் வராவிட்டால் உலக வங்கியின் குறைதீர் சேவை. அதற்கும் மேல் 1993-இல் அமைந்த ஆய்வுக் குழு. நர்மதை அணைப் போராட்டத்தின் விளைவாகப் பிறந்த அமைப்பு அது. பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்து கடிதம் எழுதினால் போதும், தமிழிலேயே எழுதலாம். திட்டம் முடிந்து 15 மாதம் வரை கேட்கலாம்.

அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வுக் குழு உங்கள் கையில் பணம் தராது, வங்கி தன் விதியை மீறியதா என்று மட்டும் சொல்லும். குஜராத்தின் முந்திரா மின்நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் ஐஎஃப்சி கடன் தந்தது. அங்கே பாதிக்கப்பட்ட மீனவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பன்னாட்டு நிறுவனங்களுக்கு முழு விலக்கு கிடையாது என்று 2019-இல் அது தீர்ப்பளித்தது. ஆனால் கீழ் நீதிமன்றங்கள் பிறகு அந்த வழக்கைத் தள்ளிவிட்டன. கட்டி முடித்த பிறகு போராடுவது அவ்வளவு கடினம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் நாளிலேயே போய், சொன்னது குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

*

“உலக வங்கி மானியம் 5 லட்சம் ஒதுக்கியாச்சு, பதிவுக் கட்டணம் 4,500 அனுப்புங்க” என்று கைபேசியில் அழைப்பு வந்தது. நம்பலாமா?
(வாசகி, தேவிபட்டினம்)

நம்பாதீர்கள். உலக வங்கி தனி ஆளுக்குக் கடனோ மானியமோ கொடுப்பதில்லை, யாரிடமும் பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், நேரம், அழைத்த எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.